வயலை ஈடு வைத்து வெளிநாட்டில் படிக்கப் போகலாமா?

கேள்வி: வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இதை விட்டுவிட்டு இங்கிலாந்தில் பட்டப்படிப்பில் சேரலாம் என்கிறார் ஒரு முகவர். அம்மா எங்கள் இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்கச் சம்மதித்துவிட்டார். வங்கியில் காட்ட வேண்டிய மீதிப் பணத்தை முகவரே ஒரு மாதத்துக்குப் போட்டுத் தருவாராம். அங்கு வேலை செய்து கடனை அடைத்துவிடலாமாம். போகலாமா?
— வாசகி, மண்டூர்

பதில்: இப்போது வேண்டாம், மகளே. வெளிநாட்டுப் படிப்பு உங்களுக்கு ஆகாது என்பதற்காக அல்ல, நீங்கள் போக நினைக்கும் வழி ஆபத்தானது என்பதற்காகவே இப்படிச் சொல்கிறேன்.

பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருக்க வேண்டும். முகவர் சொல்லும் 'ஒரு மாதம்' அதற்காகத்தான். ஆனால் பிறருடைய பணத்தை உங்கள் பணமாகக் காட்டியது தெரியவந்தால், விசா மறுக்கப்படுவதோடு 10 ஆண்டுகள் வரை அந்த நாட்டுக் கதவே உங்களுக்கு அடைபட்டுவிடலாம். விண்ணப்பத்தில் இருக்கப்போவது உங்கள் கையொப்பம், முகவருடையது அல்ல.

வேலை செய்து கடனை அடைக்கலாம் என்பதையும் நம்ப வேண்டாம். பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களே வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தை வருடந்தோறும் யார் கட்டுவது? பெரும்போக வேளாண்மையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, வட்டி ஏற ஏற வயலை மீட்பது எவ்வளவு கடினம் என்பதைப் படுவான்கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியால் வென்றெடுத்த இடத்தில், கட்டணமின்றிப் பட்டத்தை முடியுங்கள். உதவிப் பணம் பெரும்பாலும் முதுமாணிப் படிப்புக்கே கிடைக்கிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் கட்டணம், விமானச் செலவு, மாதப்படி மூன்றையும் தரும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டிக் கணக்கில் வைக்க வேண்டியிருப்பதால், அதையும் யோசித்தே முடிவெடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நல்ல வகுப்புச் சித்தியும் ஆங்கிலத் தேர்ச்சியும் விரிவுரையாளர்களின் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். மிச்சமுள்ள வருடங்களை அவற்றுக்கே கொடுங்கள். ஈட்டு உறுதி எழுத அம்மா நாள் குறித்திருந்தால், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.