எந்த வோல்டேஜில் குடியிருக்கப் போகிறாய்?

அன்புள்ள அம்மாவுக்கு,

கல்லூரி நாளிலிருந்து உங்களைப் படிக்கிறேன். சொந்த ஊர் கரூர். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் (ஈஈஈ) முடித்துவிட்டு இரண்டு வருடமாகப் பெங்களூரில், மாரத்தஹள்ளிப் பக்கம், சிப் வெரிஃபிகேஷன் வேலை. தங்கியிருப்பது பிஜியில். எலெக்ட்ரிகலில் மேற்படிப்புக்கு இப்போது மூன்று வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்எஸ் இடம் கிடைத்துவிட்டது. உலக ரேங்கில் 100க்குள் வருகிறது, ஆனால் உதவித்தொகை இல்லை, எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஆகும். ஜெர்மனியில் ஓர் இடம், படிப்புக் கட்டணம் இல்லை, ரேங்க் கொஞ்சம் கீழே. மூன்றாவது இங்கேயே பெங்களூரில் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), எம்டெக் ரிசர்ச்சுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வந்திருக்கிறது, ஆனால் அது பட்டியலில் 200க்கு அப்பால். அப்பா தறிக்கூடத்தை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். எதற்குப் போகட்டும்? ரேங்க் பிற்காலத்தில் எவ்வளவு தூரம் உதவும்? பட்டியலை இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மாரிகுப்பம் வண்டியில் உட்கார்ந்து படித்தேன். கோலார் தங்கவயலுக்கு ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். யார் சாவு என்று அப்புறம் சொல்கிறேன். வழக்கமாக இந்த மாதிரிக் கடிதங்களுக்கு 'நல்லபடியாக அமையட்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. பங்காருபேட்டை வருவதற்குள் மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கோபம்தான் வந்தது.

ஏன் என்றால், நீ எழுதிய முழுக் கடிதத்தில் (மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்) ரேங்க் என்ற சொல் பதினோரு தடவை வருகிறது, லட்சம் ஆறு தடவை. என்ன படிக்கப் போகிறாய் என்று ஒரு வரி இல்லை. 'எலெக்ட்ரிகல்' என்கிறாய். எலெக்ட்ரிகல் என்றால் என்னம்மா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட 'ஆம்பளையா இருந்தா போதும்' என்று சொல்லித் தரகரை அனுப்புவதில்லை.

நீ இப்போது வெரிஃபை பண்ணுகிற சிப்பின் வயிற்றுக்குள் ஓடுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. உன் பிஜி அறைச் சுவரில் 230. நம்ம மெட்ரோவில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிற கரண்ட் கம்பியில் (தேர்ட் ரெயில் என்பார்கள்) 750, டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மின்சாரக் காரின் பேட்டரி 400, இப்போது 800க்கு ஏறிக்கொண்டிருக்கிறது. பங்காருபேட்டையிலிருந்து பெங்களூர் வரை என் தலைக்கு மேலே ரயில் கம்பியில் 25,000. ஒரிசாவின் தால்ச்சேரில் புறப்பட்டு 1,300 கிலோமீட்டருக்கு மேல் வந்து 2003ல் எங்கள் கோலாரைத் தொட்ட டிசி லைனில் பிளஸ் மைனஸ் 5 லட்சம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து உங்கள் பக்கத்துப் புகளூருக்கு வரும் லைனில் 8 லட்சம். இத்தனைக்கும் கல்லூரியில் ஒரே பெயர்ப்பலகை. ஆனால் ஒரு வோல்ட்டுக்காரனின் கவலை வேறு, 8 லட்சத்துக்காரனின் கவலை வேறு. முன்னவன் நானோ செகண்டில் பாதியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருப்பான், பின்னவன் இன்சுலேட்டரில் படிந்த தூசியும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ராத்திரி முழுக்க விழித்திருப்பான். வோல்டேஜே இல்லாத வீடும் உண்டு, சிக்னல் ப்ராசஸிங், அங்கே கணக்கும் கம்ப்யூட்டரும் போதும். ஒரு வீட்டில் பத்து வருடம் குடியிருந்துவிட்டால் இன்னொரு வீட்டுக்குச் சாமான் தூக்குவது லேசு இல்லை. முதலில் அதைச் சொல், எந்த வோல்டேஜில் குடியிருக்கப் போகிறாய்?

அது தெரியாமல் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? நீ இணைத்திருப்பது க்யூஎஸ் என்ற நிறுவனம் போடும் உலகப் பல்கலைக்கழகப் பட்டியல். அதில் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தாயா? 30 சதவீதம், மற்ற பேராசிரியர்கள் அந்த இடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. 15 சதவீதம், வேலை கொடுப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. ஆக 100க்கு 45, ஊர் பேச்சு. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் என்று ஒன்று இருக்கிறது, உன் பட்டியலில் அது ஐஐஎஸ்சிக்கும் கீழே கிடக்கிறது. பவர் எலெக்ட்ரானிக்ஸ்காரர் யாரிடமாவது போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பார், எழுந்து உட்காருவார். மோட்டார், டிரைவ் என்றால் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1981லிருந்து கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடக்கிறது, அந்த உலகத்தில் அதுதான் கோயில். 750 வோல்ட்டுக்காரிக்கு ஒரு பட்டியல், 8 லட்சத்துக்காரிக்கு இன்னொன்று. எல்லாருக்கும் சேர்த்து ஒன்று போட்டால் அது பஞ்சாயத்து ரேஷன் கார்டு மாதிரி இருக்கும், அதை வைத்து அரிசி வாங்கலாம், கல்யாணம் பண்ண முடியாது.

சரி, இப்போது சாவு.

நான் தங்கவயல்காரி. எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது 1902ல், சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து. பெங்களூருக்கு அது வந்தது 1905ல்தான், முதல் தெருவிளக்கு கே.ஆர். மார்க்கெட்டில். இதைச் சொல்லாமல் எந்தத் தங்கவயல்காரரும் மின்சாரம் பற்றிப் பேச மாட்டார், நானும் சொல்லிவிட்டேன். என் அப்பா சுரங்கத்தில் வைண்டர் ஓட்டினார், ஆட்களை ஏற்றிய கூண்டைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றுகிற எஞ்சின். 1984ல் எனக்கு எம்இக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று பெயர் பெற்ற இடம், இன்னொன்று யாருக்கும் தெரியாத இடம். தெரியாத இடத்துப் பேராசிரியர் தன் கையால் ஒரு போஸ்ட்கார்டு போட்டிருந்தார், 'வா, ஒரு டெஸ்ட் செட்டப் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆள் தேவை' என்று. நான் பெயர் பெற்ற இடத்துக்குப் போனேன். அப்பா வைண்டிங் ரூமில் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் காரணம். அந்த போஸ்ட்கார்டுக்கு ஒரு பதில்கூட நான் எழுதவில்லை. இன்னும் உறுத்துகிறது.

போன இடத்தின் பெயர் வேண்டாம். என் கைடு மாதத்தில் இருபது நாள் டெல்லியில் கமிட்டிகளில் இருப்பார். ஹை வோல்டேஜ் லேபில் ஓர் இம்பல்ஸ் ஜெனரேட்டர் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது, மேலே பழைய வேட்டி போர்த்தியிருந்தது. மின்னல் அடித்தால் கருவி தாங்குமா என்று பார்க்க நாமே செய்துகொள்கிற குட்டி மின்னல் அது. சார்ஜைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களைப் பக்கம் பக்கமாக வைத்து சார்ஜ் ஏற்றி, ஒரு நொடியில் ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கின மாதிரி வெடிக்க விடுவார்கள். ஏழு மாதம் அந்த வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி கைடின் மேஜை டிராயரில்.

எட்டாவது மாதம் ஒரு சாயங்காலம் லேப் அட்டெண்டர் என்னிடம் 'நீ எந்த ஊரும்மா' என்று கேட்டார். மாரிகுப்பம் என்றேன். அவருக்கும் தங்கவயல்தான், சாம்பியன் ரீஃப். மறுநாள் சாவி எப்படியோ அவர் இடுப்பில் இருந்தது.

எட்டாம் வகுப்பு படித்தவர். எனக்கு அவர்தான் வாத்தியார். கருவியில் மிச்சமிருக்கும் சார்ஜைத் தரைக்கு இறக்குகிற எர்த் ராடைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நீள மரக்கம்பின் நுனியில் பித்தளைக் கொக்கி, அதிலிருந்து தாமிரப் பின்னல் தரைக்கு ஓடும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். ஒரு நாள் சோதனை முடிந்து அவர் கெபாசிட்டரை எர்த் பண்ணி, சட்டென்று ஒரு பொறி, எல்லாம் இறங்கிவிட்டது, என் கண்ணால் பார்த்தேன். ராடை எடுத்துச் சுவரில் சாய்த்தது நான்தான். டீ குடித்துவிட்டு வந்து டெர்மினலில் கம்பியைக் கழற்றக் கை நீட்டினேன், என் சடையைப் பிடித்து அவர் ஒரே இழுப்பு. கீழே விழுந்தேன். ஒன்றும் சொல்லாமல் ராடை எடுத்து அந்த டெர்மினலில் வைத்தார், மறுபடியும் நீலமாக ஒரு பொறி, டப் என்று. 'செத்த பாம்பு மாதிரி படுத்திருக்கும்மா, பத்து நிமிஷத்துல எழுந்துக்கும். கொக்கியை மாட்டினா மாட்டினபடியே வுடணும்.'

கெபாசிட்டரின் உள்ளே இருக்கும் இன்சுலேஷன் கொஞ்சம் சார்ஜை விழுங்கி வைத்திருக்கும், ஷார்ட் பண்ணி எடுத்த பிறகு மெதுவாக அதைத் திரும்ப விடும், டெர்மினலில் வோல்டேஜ் ஏறும். டைஎலெக்ட்ரிக் அப்ஸார்ப்ஷன். அதைப் பற்றித் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன், அதே வருடம்! பக்கத்தில் அந்த மனிதர் இல்லையென்றால் மார்க் ஷீட்டோடு சேர்த்து என்னைப் புதைத்திருப்பார்கள். போன வாரம் அவர்தான் போனார். எண்பத்தி நாலு வயது. பேரன்கள் பெங்களூரில் டெலிவரி வேலை பார்க்கிறார்கள், அன்றைக்கு லீவு கிடைக்காமல் ஒருவன் மாலை வண்டியில்தான் வந்தான்.

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, நீ பார்க்க வேண்டியது லேபை. எந்த இடமானாலும் அங்கே இரண்டாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுது. பேராசிரியருக்கு எழுதினால் அழகாகத்தான் பதில் வரும், போஸ்ட்கார்டு போட்ட அந்த மனிதர் மாதிரி எல்லாரும் இருக்க மாட்டார்கள். ராத்திரி எட்டு மணிக்கு லேப் திறந்திருக்குமா என்று கேள். சாவி யாரிடம் என்று கேள். கருவியை நீயே தொடலாமா, இல்லை சீனியர் தொட்டு எடுத்த டேட்டாவை வைத்துப் படம் போடணுமா. கைடு மாதத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கிறார். போன ஐந்து வருடத்தில் பாதியில் விட்டுப் போனவர்கள் யார் என்று கேட்டு அவர்களில் ஒருவருக்கும் எழுது. அவர் மூன்று வரியில் சொல்வது உன் பட்டியலின் நூறு வரிக்குச் சமம். எங்கிருந்தும் பதில் வரவில்லையா, அதுவே ஒரு பதில்.

நீ கேட்ட மற்றதெல்லாம்: குளிர், பழகிவிடும். சாப்பாடு, ரசப்பொடி எடுத்துக்கொள். ஜிஆர்இ இனிமேல் உனக்கு எதற்கு? விசாவைப் பற்றி என்னைக் கேட்காதே, அங்கே படித்து முடித்தவர்களுக்கு அறிவியல், பொறியியல் மாதிரி ஸ்டெம் படிப்பென்றால் ஓபிடி என்கிற வேலை அனுமதி அதிகபட்சம் 36 மாதம், அதற்கப்புறம் ஹெச்-1பி வேலை விசாச் சட்டம் வருடத்துக்கு ஒரு சட்டை போட்டுக்கொள்கிறது, வக்கீலிடம் கேள். ஜெர்மனியில் கட்டணம் இல்லை என்பது சரிதான், ஆனால் வருடச் செலவுக்கென்று 11,904 யூரோ முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்தாயா?

தறிக்கூடத்துக்கு வருகிறேன். உன் அப்பா மனம் உவந்துதான் சொல்லியிருப்பார், அப்பாக்கள் அப்படித்தான். ஆனால் தீசிஸ் இல்லாமல், உதவித்தொகை இல்லாமல், எந்த வோல்டேஜ் என்றும் தெரியாமல் போகிற எம்எஸ்ஸுக்காக ஓடுகிற தறியை நிறுத்தி வைக்காதே. ஐஐஎஸ்சியில் கேட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 தருவார்கள். நீ இப்போது வாங்கும் சம்பளத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், தெரியும். பிஜி வாடகை போனால் மசால் தோசைக்கு மிஞ்சும். ஆனால் அப்பாவுக்கு ஃபோன் பண்ணி வட்டி பற்றிப் பேச வேண்டியிருக்காது. அங்கே போய்ப் பிடித்து, மேலே பிஎச்டி என்று தோன்றினால் ஃபெலோஷிப் 37,000, 2023லிருந்து. அப்போது அமெரிக்காவுக்கும் போகலாம், அவர்கள் செலவில். கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், ஆகவே இந்த வருடமே முடிவெடுத்தாக வேண்டும் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் நம்பாதே.

பார், நானே ஒன்றைச் சொல்லிவிட்டேன், சொல்லக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஐஐஎஸ்சிக்குப் போ என்று நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லாதே. அங்கேயும் வேட்டி போர்த்திய கருவி இருக்கலாம், போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நேர்முகத் தேர்வு அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடு. பழைய கண்டக்டர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்றுதான் நிறுத்தம் சொல்வார்கள். எலெக்ட்ரிகல் டெக்னாலஜி அங்கே 1911லிருந்து சொல்லித்தருகிறார்கள், வழி தெரியாமல் போகாது. லேப் பக்கம் யாராவது டீ குடித்துக்கொண்டு நிற்பார். முதலில் அவரிடம் பேசு, எந்த ஊர் என்று கேள்.

அப்புறம் எனக்கு எழுது. பட்டியலை இணைக்காதே.