ஹாங்காங்கில் பிறந்தால் அங்கே குடியுரிமை கிடைத்துவிடுமா?

ஹாங்காங்கில் பிறக்கும் இந்தியக் குழந்தைக்கு அங்கே குடியுரிமை உண்டா, 1997-க்கு முன் பிறந்தவர்கள் மட்டும் எப்படிப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் அங்கே குடியேறியவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாஸ்போர்ட்டை யாரும் எங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கவில்லை என்பதால், இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன்.

காயல்பட்டினத்திலிருந்து வந்து ஹாங்காங்கின் சிம் ஷா சுய் பகுதியில் இரத்தினக் கல் வியாபாரம் செய்தவர் என் வாப்பா. ஹாங்காங்கில் பிறந்த எனக்குப் பிரிட்டிஷ் சார்புப் பகுதிக் குடிமகன் என்ற தகுதி இருந்தது. ஆனால் அதைக் கொண்டு பிரிட்டனில் குடியிருக்க முடியாது. 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியதும் அதுவும் செல்லாமல் போனது. சீனச் சட்டம் பிறந்த மண்ணைவிட வம்சாவளியையே பெரிதாகக் கொள்வதால், ஹாங்காங் சீனர்கள் சீனக் குடிமக்கள் ஆனார்கள். இந்திய வம்சாவளியினரான எங்களுக்கு மிஞ்சியது பி.என்.ஓ. (பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்) பாஸ்போர்ட், அது பிரிட்டனில் வசிக்கும் உரிமையைத் தராது, பிள்ளைகளுக்கும் போய்ச் சேராது.

1990-இல் பிரிட்டன் 50,000 குடும்பத் தலைவர்களுக்கு முழுக் குடியுரிமை தர முன்வந்தபோதும், நாடற்றவர்கள் ஆகப்போகிறவர்கள் என்று எங்களுக்குத் தனி இடம் எதையும் ஒதுக்கவில்லை. ஒப்படைப்புக்குச் சில மாதங்களே இருந்தபோதுதான், 1997 பிப்ரவரி 4-க்கு முன் ஹாங்காங்கில் வசித்துவந்த, வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சிறுபான்மையினர் பிரிட்டிஷ் குடிமக்களாகப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது.

அந்த நிபந்தனையில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. கல் பொட்டலங்களோடு இரும்புப் பெட்டியில் வாப்பா பூட்டி வைத்திருந்த பிறப்புச் சான்றிதழைக் காட்டி நான் தப்பித்தேன். என் சாச்சா மகனுக்கோ, ஊருக்குப் போய்வர விசாத் தொல்லை வேண்டாம் என்று பள்ளிப் பருவத்தில் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள். அதைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். பெரியவனான பிறகு பிரிட்டிஷ் ஆவணத்தில் பயணம் செய்தவன் எங்கள் குடிமகன் அல்ல என்று இந்தியத் தரப்பிலும் கையை விரித்தார்கள். பிரிட்டன் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, வேறு குடியுரிமை இல்லாத பி.என்.ஓ.க்காரர்களுக்கும் வழிவிட்ட பிறகே அவன் கரையேறினான்.

இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டிருக்கலாமே, தேசப்பற்று இல்லையா என்று எழுத வருகிறவர்கள், இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும், பிறந்த ஊரை யாரும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதில்லை என்பதையும் சற்று யோசிக்க வேண்டும். எல்லோருடைய அனுபவமும் இதுவே என்று நான் சாதிக்கவில்லை.

உங்கள் குழந்தைக்கு ஹாங்காங்கில் பிறந்ததால் மட்டும் சீனக் குடியுரிமை கிடைக்காது. நீங்கள் தொடர்ந்து ஏழாண்டு வசித்து நிரந்தரவாசியாகியிருந்தால், ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அதற்கும் நிரந்தரவாசி உரிமை உண்டு. ஆனால் ஹாங்காங் பாஸ்போர்ட் சீனக் குடிமக்களுக்கு மட்டுமே. ஆகவே குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிந்து, அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.