கடற்பாசி என்சைமுக்கு பேட்டண்ட் கிடைக்குமா?

கேள்வி: மண்டபம் கடற்கரையில் எடுத்த கட்டக்கோரைப் பாசியில் ஒட்டியிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து, ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை வெட்டும் என்சைமை (நொதியை) பிரித்தோம். அதில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றியதும் உடல் வெப்பத்தில் பழையதைவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கிறது. நுரையீரல் சளிக்குள் ஆன்டிபயாடிக் இறங்குவதற்கு இது உதவும் என்று நினைக்கிறோம். பேட்டண்ட் வாங்க முடியுமா? அடுத்த மாதம் கருத்தரங்கில் போஸ்டர் வைக்கச் சொல்கிறார் கைடு, வைக்கலாமா?
– ஆய்வு மாணவி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: விண்ணப்பம் போடும் வரை போஸ்டர் வேண்டாம். கற்றோர் சபையில் கட்டுரை வாசித்தால் 12 மாத அவகாசம் உண்டு என்று நம் சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அது குறுகலான வாசல், எல்லாக் கூட்டமும் எல்லா வெளியீடும் அதற்குள் அடங்காது, ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் கிடையாது. ஆய்வேடுகளை இணையத்தில் வைக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் ஆய்வேட்டை ஏற்றினாலும் வெளியிட்டதாகத்தான் அர்த்தம். முதல் கட்ட விண்ணப்பமாக, தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றை இணையவழி போட்டுவிடுங்கள், தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் கட்டணம் 1,600 ரூபாய்தான், முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் இருக்கிறது. அப்புறம் தாராளமாகப் போஸ்டர் வையுங்கள். உரிமை உங்களுக்கா பல்கலைக்கழகத்துக்கா என்பது அங்குள்ள கொள்கையைப் பொறுத்தது, ஆனால் கண்டுபிடித்தவர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தே ஆக வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படாதீர்கள்.

சரி, கிடைக்குமா? பாக்டீரியாவில் இருந்த அசல் என்சைமுக்குக் கிடைக்காது. இயற்கையில் இருப்பதைக் கண்டெடுப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(c) பிரிவு. நீங்கள் மாற்றிய வடிவத்துக்குக் கேட்கலாம். ஆனால் அங்கேதான் 3(d) பிரிவு குறுக்கே வரும்: தெரிந்த ஒரு பொருளின் வேறு வடிவம் என்றால், அதன் பலன் குறிப்பிடத்தக்க அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்டிஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. மருந்து என்று வந்தால் பலன் என்பது நோயைத் தீர்க்கும் பலன்தான், அந்த நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தின் புதிய படிக வடிவம் கூடுதல் நிலைத்தன்மையோடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது என்றது. உங்கள் கையில் இப்போது இருப்பதும் நிலைத்தன்மைக் கணக்குதான். 37 டிகிரியில், வெறும் பஃபர் கரைசலில், இத்தனை மணி நேரம் தாங்கியது என்ற ஒரே வரைபடத்தை நம்பிப் போனால் காப்புரிமை அலுவலகத் தேர்வாளர் 3(d)-ஐ எடுத்து நீட்டுவார்.

அதனால் ஆய்வகத்தில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. சூடோமோனாஸ் கிருமி நுரையீரலில் ஆல்ஜினேட்டால் ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்குகிறது, ஆன்டிபயாடிக் அதைத் தாண்டத் திணறுகிறது, நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் படும் பாடு இதுதான். சளியில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் நிறைய இருக்கின்றன, அசல் என்சைம் அங்கே சீக்கிரமே சிதைந்துபோகலாம். உங்களுடையது அதையும் தாங்குகிறதா? படலம் கட்டிய கிருமியின் மேல் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தனியாக, அசல் என்சைமோடு, மாற்றிய என்சைமோடு என்று ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த மருந்தில் கூடுதல் கிருமி சாகிறது என்று காட்ட முடிந்தால், நிலைத்தன்மை நோயைத் தீர்க்கும் பலனாக மாறியதற்கு ஆதாரம் கையில் இருக்கிறது. முழு விவரக்குறிப்புக்கு உள்ள அவகாசத்தை இதற்குச் செலவிடுங்கள். மாற்றுவதற்கு அந்த இரண்டு அமினோ அமில இடங்களை ஏன் தேர்ந்தீர்கள், மென்பொருள் சொன்னதா, அது சொன்னதில் எத்தனை தோற்றன என்பதையும் குறித்து வையுங்கள். தோற்றவைகூட உதவும், துறை தெரிந்த யாரும் சுலபமாக யூகித்திருப்பார்கள் என்ற ஆட்சேபம் வரும்போது.

கரையை மறைக்காதீர்கள். உயிரிப் பொருள் எங்கிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும், மண்டபம் கடற்கரை என்றே எழுதுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளில் எடுத்திருந்தால் வனத்துறை அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கட்டும். பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தப்படி, இந்தியர் என்றால் பேட்டண்ட் வழங்கப்படுவதற்கு முன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் பதிய வேண்டும், வணிகத்துக்குப் போகும்போது ஒப்புதலும் வாங்க வேண்டும். பாக்டீரியாவைச் சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைப்பதும் நல்லது.

கேள்வி: யாரோ பேட்டண்ட் வாங்கிவிட்டால் நாங்கள் பாசி எடுக்கக் கூடாது என்று தடுப்பார்களா?
– பாசி எடுக்கும் பெண், பாம்பன்

பதில்: முடியாதும்மா. கட்டக்கோரை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று நீங்கள் எடுக்கும் எந்தப் பாசியும் யாருடைய பேட்டண்டிலும் அடங்காது, அதில் இருக்கும் கிருமியும் அப்படித்தான். மாற்றியமைத்த அந்த என்சைமை மட்டும்தான் அவர்கள் தங்களுடையது என்று சொல்ல முடியும், அதுவும் 20 வருஷத்துக்கு. அதில் காசு வந்தால் உங்கள் பக்கத்துக்கும் பங்கு கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. இங்கே வளர்த்த கடற்பாசியை ஏற்றுமதி செய்ததற்காக பெப்சி நிறுவனம் முன்பு பல்லுயிர் ஆணையத்துக்குப் பணம் கட்டியது. உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் பாசி எடுக்கும் பெண்கள் எத்தனை பேர் உறுப்பினர் என்று அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கேளுங்கள்.