பஸ் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் ஏன் மாறுகிறது?

கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலை ஓரமாக நின்று பாருங்கள். ஹாரனை அழுத்தியபடியே வரும் பஸ் நம்மைத் தாண்டியதும், 'பீ...' என்று இருந்த சத்தம் 'போ...' என்று இறங்கிவிடும். இதுதான் டாப்ளர் விளைவு. அலையை அனுப்புகிறவரோ கேட்கிறவரோ நகர்ந்தால், நொடிக்கு எத்தனை அலை நம்மை வந்து சேர்கிறது என்ற கணக்கு, அதாவது அதிர்வெண், மாறும்.

ஏன்? மாம்பழக்கூழ் ஆலையில் ஓடும் பெல்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள் (நம்ம ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது). ஒருவர் நொடிக்கு ஒரு பழம் வைக்கிறார், மறுமுனையில் நீங்கள் நொடிக்கு ஒன்று எடுக்கிறீர்கள். சரி, அவர் வைத்துக்கொண்டே உங்களை நோக்கி நடந்தால்? பெல்ட்டின் வேகம் அதேதான், ஆனால் ஒவ்வொரு பழமும் முந்தைய பழத்துக்கு நெருக்கமாக உட்காரும், உங்கள் கைக்கு அடிக்கடி வரும். விலகி நடந்தால் இடைவெளி கூடிவிடும். பெல்ட்தான் காற்று, பழங்கள்தான் அலைகள். அலை அடிக்கடி வந்தால் சுருதி உயர்ந்து கேட்கும், குறைவாக வந்தால் இறங்கிக் கேட்கும்.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பஸ் மணிக்கு 72 கி.மீ. வேகம், ஹாரன் 400 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 400 அலை) என்றால், நெருங்கும்போது 425, விலகும்போது சுமார் 378 ஹெர்ட்ஸ் கேட்கும். ஓட்டுநருக்கு எப்போதும் 400தான்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் இதைச் சொன்னது 1842-இல். 1845-இல் நெதர்லாந்தில் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி, ஊதச் சொல்லிச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

அப்புறம், பஸ் நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஏறுவது சத்தத்தின் பலம் மட்டும்தான், சுருதி தூரத்திலேயே உயர்ந்துதான் இருக்கிறது, நம்மைக் கடக்கும்போது இறங்குகிறது.