வேலூர்க் கோட்டையில் அடைபட்டவர்கள்: கேள்வி பதில்

வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட அரச குடும்பங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கோட்டை முழுக்கச் சுற்றினேன் ஐயா. கம்பி போட்ட அறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே?

படாது. இது சிறைச்சாலையாகக் கட்டியதல்ல. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு அடங்கிய நாயக்கர்கள் எழுப்பிய கோட்டை. 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. 1780 தொடங்கி ஹைதர் அலி முற்றுகையிட்டுக் கிடந்தும் விழவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு இறந்ததும் அவர் பிள்ளைகளையும் அந்தப்புரத்தையும் கிழக்கிந்தியக் கும்பினி இங்கே கொண்டுவந்து வைத்தது. மகால், பணியாட்கள், படித்தொகை எல்லாம் உண்டு. நினைத்தபோது வெளியே போகத்தான் முடியாது.

ராஜாஜி இருந்த அறை கோட்டைக்குள் எந்தப் பக்கம்?

எந்தப் பக்கமும் இல்லை. அவர் 1921 டிசம்பரில் போனது தொரப்பாடியில் உள்ள மத்தியச் சிறைக்கு. கோட்டை வேறு, ஜெயில் வேறு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திப்புவின் மகன்களைப் பிணையாகப் பிடித்து வேலூரில்தானே வைத்தார்கள்?

இரண்டு சம்பவங்களைக் குழப்புகிறீர்கள். பிணையாகப் போனது 1792இல், இரண்டு சிறுவர்கள், வைத்திருந்தது சென்னையில். வேலூர் 1799க்குப் பிறகு.

1806 புரட்சியைத் தூண்டியது இளவரசர்களா, தலைப்பாகையா?

இதைத்தான் எதிர்பார்த்தேன். தலைப்பாகை என்று நாம் சொல்வது தோல் குஞ்சம் வைத்த ஒரு புதுத் தொப்பி. அதோடு நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி என்ற உத்தரவுகள். மே மாதமே சிப்பாய்கள் மறுத்தார்கள். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள். அப்புறம் கோபத்துக்கு வேறு தூண்டுகோல் எதற்கு?

ஆனால் கோபம் இருந்த இடத்திலேயே திப்புவின் குடும்பமும் இருந்தது. ஜூலை 9இல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 10ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள், 69ஆம் படைப்பிரிவு ஆங்கிலேயர் தூங்கிக்கொண்டிருந்த பாரக்ஸ் மீது சுட ஆரம்பித்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். திப்புவின் கொடி ஏறியது. அதற்குமேல் திட்டம் என்று ஒன்று இருந்த மாதிரி தெரியவில்லை. பாதிப்பேர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள்.

ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, வாசல் பூட்டியிருந்ததால், மேலே இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் போட்ட கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. மகாலுக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, பந்து விளையாடும் சுவர் ஒன்றின் எதிரே நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். விசாரணை, தூக்கு, பீரங்கி வாயில் கட்டுவது எல்லாம் அதற்குப் பிந்தியவை.

என் முடிவு: இளவரசர்கள் சாக்கு, தொப்பிதான் காரணம். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் பெண்டிங்கையும் தலைமைத் தளபதி கிரேடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தொப்பி உத்தரவும் போயிற்று.

அகழியில் பத்தாயிரம் முதலைகளாமே? விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதையாமே?

கதை. இரண்டுமே.

இலங்கையின் கடைசித் தமிழ் மன்னரும் இங்கேதானே சிறை இருந்தார்?

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஆமாம். 1815 பிப்ரவரியில் பிடிபட்டு, மறு வருடம் வேலூருக்கு வந்து, 1832 ஜனவரி 30இல் இங்கேயே இறந்தார். ‘தமிழ் மன்னர்’ என்று சட்டென்று சொல்லிவிட வேண்டாம்.

பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பெயரை வைத்து முடிவு கட்டினால் நானும் வடநாட்டவன் ஆகிவிடுவேன். அவர் ஆண்ட கண்டியில் 1739இல் நேரான வாரிசு இல்லாமல் போக, அரசியின் தம்பி பட்டத்துக்கு வந்தார். மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பம். வேர் தெலுங்கு, புழக்கத்தில் தமிழ், ஆண்டது சிங்களக் குடிகளை. அதே வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ 1753இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்துப் பிக்குகளுக்கு முழுத் துறவு தரும் பௌத்த உபசம்பதைச் சடங்கை மீட்டார். இவர்களை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

கண்டியை ஆங்கிலேயர் வசமாக்கிய 1815 ஒப்பந்தமே ‘மலபார்’ இனத்தின் ஆட்சி ஒழிந்தது என்கிறதே? மலபார் என்றால் அன்றைக்குத் தமிழர்தானே?

நல்ல பிடி, ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லைத் தமிழருக்குத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தது ‘அந்நியன்’ என்ற முத்திரை. மன்னர் வீட்டில் என்ன பேசினார் என்பதல்ல. அவரை அரியணையில் உட்காரவைத்த கண்டி முதலமைச்சர் பிலிமத்தலாவை, சொன்னபடி கேட்கும் பொம்மை கிடைத்தது என்றுதான் நினைத்தார். கேட்கவில்லை என்றதும்தான் பகை முற்றியது.

அப்படியானால் தெலுங்கர் என்றே சொல்லிவிடலாமே?

ஐயா, அதையும் சொல்ல மாட்டேன். நாயக்கர் என்று சொல்லுங்கள், போதும். இதே கேள்வி இன்னும் நாலு பேரிடமிருந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் இதுவே பதில்.

தியாகிகளைக் கோட்டைக்குள் எந்த இடத்தில் அடைத்து வைத்தார்கள்?

தொரப்பாடி. மேலே பாருங்கள்.

சுரங்கத்தின் வாய் ஒன்றை என் தாத்தா நேரில் பார்த்ததாகச் சொல்வார்...

அடுத்தது.

கல்லறைகளைப் பார்க்க முடியுமா?

முடியும். ஹைதரின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் முதலியோர் கோட்டைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். கண்டி மன்னருக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். 1990இல் தமிழக அரசு கட்டியது. கோட்டையிலிருந்து ஆட்டோ எடுங்கள். ‘முத்து மண்டபம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே ‘ராஜா சிறை’ என்று சொன்னால் தொரப்பாடியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.