பஸ் நேரம் சேர்ப்போரின் கேள்விகள்: இனி எல்லாம் ஜிடிஎஃப்எஸ்ஸில்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று மாவட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து இதுவரை பஸ் நேரம் சேர்த்தோம். ஒரு குழுவில் எல்லாம் போட்டோ, இன்னொன்றில் நோட்டுப் பக்கம், மற்றதில் ஆளுக்கு ஒரு மாதிரி எக்செல். இனி எல்லாரும் ஜிடிஎஃப்எஸ் (GTFS) என்ற, பஸ் நேரங்களைக் கணினிக்குப் புரியும்படி எழுதும் திறந்த தரத்தில் மட்டும் எழுதுவது, குழுக்களையும் அதற்குத் தகுந்தபடி மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. அதையொட்டி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பெருந்துறையிலிருந்து: அக்கா, மாவட்டக் குழுவை எதுக்குங்க கலைக்கணும்? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?

நன்றாகப் போகவில்லை தம்பி, சண்டை வராமல் போனது, அவ்வளவுதான். காந்திபுரத்தில் கிளம்பும் ஈரோடு பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவிநாசியும் பெருமாநல்லூரும் திருப்பூர் மாவட்டம். விஜயமங்கலமும் உங்கள் ஊரும் ஈரோடு மாவட்டம். ஒரே பஸ்ஸை மூன்று குழுவும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன. மூன்றிலும் நேரம் வேறு. எது சரி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

ஜிடிஎஃப்எஸ்ஸில் ஒரு நடை என்றால் முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை ஒரே பதிவு. நடுவில் மாவட்ட எல்லை என்று எதுவும் கிடையாது. ஆகவே அந்த நடைக்குப் பொறுப்பாளியும் ஒருவராகத்தான் இருக்க முடியும். பஸ் எந்த நிலையத்தில் கிளம்புகிறதோ, அந்த நிலையத்துக்காரர்தான் அவர். காந்திபுரத்துக்கு ஒரு குழு, சிங்காநல்லூருக்கு ஒன்று, உக்கடத்துக்கு ஒன்று, மேட்டுப்பாளையம் ரோடு நிலையத்துக்கு ஒன்று. திருப்பூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் வேறு வேறு ஆள். ஈரோட்டிலிருந்து திரும்பி வரும் நடை ஈரோட்டுக் குழுவுடையது. பெருந்துறையில் நிற்கும் நீங்கள் 'இந்த பஸ் இங்கே பத்து நிமிஷம் லேட்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பதிவில் கை வைப்பவர் கிளம்பும் இடத்துக்காரர்தான்.

நிறுத்தங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை. கொங்கு முழுக்க ஒரே பட்டியல், அதைத் திருத்த நாலைந்து பேருக்குத்தான் அனுமதி. இதில் நான் பிடிவாதம். நிறுத்தத்தின் பெயர் மாறலாம், இடம் நூறு அடி தள்ளலாம், அதற்குக் கொடுத்த அடையாள எண் மட்டும் மாறவே கூடாது. பெயரையே அடையாளமாக வைத்த குழுக்களின் கதி நமக்குத் தெரியும். இந்தப் பக்கம் 'பிரிவு', 'நால் ரோடு' என்று முடியாத நிறுத்தம் எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்!

பொள்ளாச்சியிலிருந்து: எக்செல்லிலேயே எழுதிக் கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. ஜிடிஎஃப்எஸ் என்பது சில சாதாரண எழுத்துக் கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டியதுதான். நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், நேரங்கள், நாள்காட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அதை எக்செல்லில் அப்படியே திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக மாறும், 0045 என்ற எண் 45 ஆகும், 3-4 என்று எழுதிய தடம் ஏதோ ஒரு தேதியாகிவிடும். அப்படியே சேமித்தால் முடிந்தது கதை. எக்செல் மாதிரியே உள்ள இலவசச் செயலியான லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறங்கள். திறக்கும்போதே யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்து சரியாக வரும் குறியீட்டு முறை) என்றும், எல்லாப் பத்தியும் (column) எழுத்து என்றும் தேர்ந்தெடுங்கள்.

சத்தியிலிருந்து: இது கூகுளோட தரம்தானே? நாளைக்கு அவங்க நிறுத்திட்டா?

2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. அப்போது பெயரிலேயே கூகுள் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு 'ஜெனரல்' என்று வைத்தார்கள். இப்போது மாற்றங்கள் பொதுவில் விவாதித்து, வாக்கெடுத்துத்தான் வருகின்றன. மொபிலிட்டிடேட்டா என்ற லாப நோக்கற்ற அமைப்பு அந்த வேலையை ஒருங்கிணைக்கிறது. கோப்பைச் சோதிக்கும் இலவசச் செயலியும் அவர்களுடையதுதான். அதில் ஓட்டிப் பார்த்து, பிழை இல்லாததை மட்டும் அனுப்புங்கள்.

பல்லடம் கல்லூரி மாணவி: ராத்திரி பஸ் விடிகாலையில் போய்ச் சேர்ந்தால் எந்தத் தேதியில் எழுதுவது அக்கா?

நல்ல கேள்வி கண்ணு. கிளம்பின நாள் கணக்குதான். இரவு 11.30க்குக் கிளம்பி மணி 2க்கு ஈரோடு சேர்ந்தால் 26:00:00 என்று எழுத வேண்டும். தரம் 24ஐத் தாண்ட விடுகிறது. 02:00:00 என்று எழுதினால் பஸ் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

கூடவே ஒன்று. நிலையத்தில் நேரம் உறுதி, வழியில் தோராயம். 'டைம்பாயிண்ட்' என்ற பத்தியில் உறுதிக்கு 1, தோராயத்துக்கு 0. நடுவில் உள்ள நிறுத்தத்துக்கு நேரமே தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், கற்பனை செய்து நிரப்ப வேண்டாம்.

ஈரோட்டு பஸ் ரசிகர்: தனியார் பஸ்ஸுக்குப் பேரை எங்கே போடுறதுங்க? எங்க ஊர்ல யாரும் தட எண்ணைக் கேக்கறதில்லை, 'ஏழு நாப்பது இன்ன பேரு வண்டி போயிருச்சா'ன்னு பஸ் பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க. நடையோட அடையாளமே பஸ் பேராத்தான் இருக்கணும்.

கேட்பது உண்மைதான் அண்ணா, பெயர் வேண்டும். நடைக்கான சுருக்கப் பெயர் என்று பயணிகள் கண்ணில் படும் ஒரு பத்தி இருக்கிறது, அதில் போடுங்கள். அடையாள எண்ணில் வேண்டாம்.

அவரே: ஏன் வேண்டாம்? இருபது வருஷமா அதே பேர்ல ஓடற வண்டி இருக்குது.

இருக்கிறது. போன வருஷம் கைமாறிய வண்டிகளும் இருக்கின்றன. பெர்மிட்டோடு நேரமும் சேர்ந்து விலைபோகிறது, புது முதலாளி வந்ததும் தன் குலதெய்வத்தின் பெயரை எழுதிவிடுகிறார். நேரம் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி கொடுத்தது, அது நிற்கும். பெயர் பெயிண்டில் இருப்பது.

கரூர், பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து: அக்கா சொல்றது சரிங்க. பாடி மாத்த வரும்போதே பேரையும் மாத்தச் சொல்றவங்க உண்டு. ஒரே முதலாளி ரெண்டு வண்டிக்கும் ஒரே பேர் வெக்கறதும் உண்டு. அப்ப ரெண்டு நடைக்கும் ஒரே அடையாளமா?

இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி.

கோபியிலிருந்து: ஸ்பேர் வண்டி ஓடற அன்னிக்கு?

அன்றைக்கும் நடை அதே நடை. பெயரை அடையாளமாக்கினால் அந்த நாள் நம் கோப்பில் பஸ்ஸே இல்லை என்று ஆகும்.

ஈரோட்டு ரசிகர்: ரசிகர்களை ஒதுக்கறீங்க. இந்த நேரமெல்லாம் நாங்க ஸ்டாண்டுல நின்னு சேர்த்தது.

யாரும் ஒதுக்கவில்லை அண்ணா. ஈரோடு நிலையத்தின் தனியார் நேரங்கள் மற்ற எந்த ஊரையும் விடச் சுத்தமாக இருக்கின்றன, அது உங்கள் ஆட்களின் உழைப்பு. அதனால்தான் அந்த நிலையத்தின் பொறுப்பையே உங்களிடம் கொடுக்கச் சொல்கிறேன். முதலாளி ஒவ்வொருவரும் 'ஏஜென்சி' கோப்பில் தனி வரியாக வருவார். பெயர் பயணிக்குத் தெரியும் இடத்தில் வரும். நடை எண் மட்டும் மொட்டை எண்ணாக இருக்கட்டும். இதற்கு மேல் இதைப் பேச வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வாருங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன்.

அன்னூரிலிருந்து: பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் எதுன்னு காட்ட முடியுமா?

கட்டாயம் காட்ட வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தனியார் பஸ்ஸுக்கும் சொகுசுப் பேருந்துக்கும் அது பொருந்தாது. ஒரே எண்ணில் இரண்டு வகையும் ஓடினால் இரண்டு தடமாக எழுதி, விளக்கப் பத்தியில் குறிப்பிடுங்கள். கையில் காசில்லாமல் நிற்கும் பெண்ணுக்கு அடுத்த பஸ் எப்போது என்பது உதவாது, அடுத்த சாதாரண பஸ் எப்போது என்பதுதான் வேண்டும். இந்த ஒரு விவரத்துக்காகவே நம் வேலை தேவை என்பேன்.

அவிநாசியிலிருந்து: ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போகிற வண்டி?

தனி நடை. ஊருக்குள் உள்ள நிறுத்தத்தை அதில் சேர்க்கவே கூடாது. நம்பிப் போய் நிற்பவர் நம்மைத்தான் திட்டுவார்.

திருச்செங்கோட்டிலிருந்து: நிறுத்தங்களின் இடத்தை கூகுள் மேப்பில் பார்த்துக் குறித்தால் சீக்கிரம் முடியுமே?

வேண்டாம், அவர்கள் நிபந்தனை அதற்கு இடம் தராது. நேரில் நின்று போன் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தால் அதன் உரிமம் நம் பட்டியலுக்கும் வரும், ஆகவே எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள்.

உடுமலையிலிருந்து: கூகுள் மேப்பில் எப்போ வரும்?

பஸ் நடத்துபவர்கள் கொடுத்தால் வரும், நம்மிடமிருந்து நேராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயண வழி தேடித் தரும் திறந்த மென்பொருளான ஓப்பன் ட்ரிப் பிளானரில் நாமே போட்டு ஓட்டலாம். ட்ரான்சிட்டஸ் என்று தன்னார்வலர்கள் நடத்தும் சேவையும் இருக்கிறது, திறந்த கோப்புகளை அது எடுத்துக்கொள்ளும்.

காங்கயத்திலிருந்து: பஸ் இப்போ எங்கே வருதுன்னு காட்டுமா?

காட்டாது. அதற்கு வண்டியில் கருவி வேண்டும், அது வேறு கோப்பு.

பவானியிலிருந்து: ஆடிப் பதினெட்டுக்கு விடும் சிறப்புப் பஸ்ஸை எப்படி எழுதுவது?

நாள்காட்டி விலக்குக் கோப்பில் அந்தத் தேதியைப் போட்டு 1 என்றால் கூடுதல், 2 என்றால் அன்று ஓடாது. பண்ணாரி குண்டத்துக்கும் இதே வழி. புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தை மாதிரி வாராவாரம் வருவதற்கு விலக்கு வேண்டாம், நாள்காட்டிக் கோப்பில் கிழமைக்கு ஒரு பத்தி இருக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து: எக்செல்லில் திறந்தேன், பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது.

மேலே பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சேமிக்காமல் மூடுங்கள்.

சூலூரிலிருந்து: எக்செல்...

வேண்டாம்.

தாராபுரத்திலிருந்து: எங்க ஸ்டாண்டுக்கு ஆளே போடலீங்களே அக்கா. நான் பாத்துக்கட்டுமா? கம்ப்யூட்டர் அவ்வளவா வராது.

பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வராவிட்டால் பரவாயில்லை, அதைப் பல்லடத்துப் பெண் செய்து தருவார், பேசிவிட்டேன். முதலில் நிலையத்தில் உள்ள நேரப் பலகையைத் தெளிவாகப் படம் எடுங்கள், எடுத்த தேதியோடு. டைம் கீப்பரிடம் கேட்பதானால் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போங்கள். திருப்பூர் நடைகளை முதலில் முடியுங்கள், பழனி அப்புறம்.