"கைக்குழந்தைகளையுமா?": ஒரு போஸ்டர், சில கேள்விகள்

கேள்வி (வரலாற்று ஆசிரியர்): வியட்நாம் போருக்கு எதிரான அந்தப் போஸ்டரில் ஓவியர்கள் எதையும் வரையவில்லையே. யாரோ எடுத்த படத்தின் மேல் இரண்டு வரி. இது எப்படிக் கலை ஆகும்?

பதில்: அந்த இரண்டு வரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1968 மார்ச் 16 அன்று மை லாய் என்ற வியட்நாம் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். வியட்நாம் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லி தன் சொந்தக் கேமராவில் வண்ணத்தில் எடுத்த படம் அது. மண்பாதையில் பெண்களும் குழந்தைகளும் செத்துக் கிடக்கிறார்கள். சுட்டவர்கள் படத்தில் இல்லை.

1969 நவம்பரில் அந்தப் படையில் இருந்த பால் மெட்லோ தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். கொன்றது ஆண்கள், பெண்கள், பிள்ளைகளையா என்று கேட்ட செய்தியாளர் மைக் வாலஸ், அடுத்து "கைக்குழந்தைகளையுமா?" என்றார். "கைக்குழந்தைகளையும்" என்றார் மெட்லோ. கேள்வியைப் படத்தின் மேலேயும் பதிலைக் கீழேயும் சிவப்பு எழுத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான். படத்தில் இல்லாத சிப்பாய் குரலாக உள்ளே வந்துவிட்டார். இதைவிடக் கூர்மையான கலை வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி (நூலகர்): செய்தது யார்?

பதில்: நியூயார்க்கின் கலைத் தொழிலாளர் கூட்டணி என்ற கலைஞர் அமைப்பு. அதில் இர்விங் பெட்லின், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஃப்ரேசர் டோஹர்டி மூவரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற அச்சக ஊழியர்): அருங்காட்சியகம் கைவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியக ஊழியர்கள் சேர்ந்து வெளியிடச் சம்மதித்திருந்தார்கள். அறங்காவலர் குழுத் தலைவர் வில்லியம் பேலி மறுத்துவிட்டார். மெட்லோவின் பேட்டியை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனத்துக்கும் அவர்தான் தலைவர்! அப்புறம் உங்கள் தொழில்காரர்கள்தான் கைகொடுத்தார்கள்: அச்சுத் தொழிலாளர் சங்கம் 50,000 பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்தது. 1970 ஜனவரியில் கூட்டணியினர் அதே அருங்காட்சியகத்துக்குள் போய், அப்போது அங்கிருந்த, போரின் கொடுமையைக் காட்டும் பிக்காசோவின் கெர்னிக்கா ஓவியத்தின் முன் போஸ்டரை விரித்துப் பிடித்து நின்றார்கள்.

கேள்வி (இரு பிள்ளைகளின் தாய்): இறந்த குழந்தைகளை இப்படிக் காட்டலாமா? என்னால் பார்க்கவே முடியவில்லை.

பதில்: எனக்கும் ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அம்மா. அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்தக் கொலைகள் ஓராண்டுக்கும் மேலாக வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் காட்டியதுதான் சரி என்று நினைக்கிறேன். அலங்காரத்துக்காக அந்தப் படத்தை யாராவது எடுத்தால் எதிர்ப்பேன்.

கேள்வி (ஓவியக் கல்லூரி மாணவி): இன்றைய போர்ப் படம் ஒன்றை வைத்து நானும் செய்ய ஆசை. தீயும் ரத்தமும் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம்மா. சேர்த்தால் படமே பொய் என்று சொல்ல வழி கிடைத்துவிடும். மார்த்தா ரோஸ்லரின் ஒட்டுப்படங்களைத் தேடிப் பார். வியட்நாம் போர்ப் படங்களை வெட்டி, பத்திரிகைகளில் வந்த அழகான அமெரிக்க வீடுகளுக்குள் ஒட்டினார். ஒன்றில் ஒரு பெண் திரைச்சீலையைச் சுத்தம் செய்கிறாள். சன்னலுக்கு வெளியே சிப்பாய்கள். ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. அப்புறம், படம் எடுத்தவரிடம் முதலில் அனுமதி கேள். கூட்டணியும் ஹேபர்லியிடம் கேட்டுத்தான் அச்சிட்டது.